பழைய வெள்ளி முலாம் பரிமாறும் பாத்திரங்கள்: உலோகத்துல இருந்து முத்திரை வரைக்கும் படிச்சு தெரிஞ்சுக்க முழு வழிகாட்டி

பழைய சில்வர் பிளேட் (வெள்ளி முலாம்) பாத்திரம் ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாரும் முதல்ல செய்யறது, கவுத்துப் போட்டு அடியில என்ன அடிச்சிருக்குன்னு பாக்குறதுதான். நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். முத்திரையை கடைசியா படிங்க. முதல்ல உலோகம், அடுத்தது அதை செஞ்ச விதம், அதுக்கப்புறம்தான் முத்திரை. ஏன்னா முத்திரைங்கிறது யாரோ ஒருத்தர் அடிச்ச எழுத்து, பாக்குறவங்க அசல் வெள்ளின்னு நினைக்கணும்னே அதை ஹால்மார்க் (அசல் வெள்ளின்னு சோதிச்சு அடிக்கற முத்திரை) சாயல்ல அடிச்ச கம்பெனிகள் எக்கச்சக்கம், பின்னாடி வந்து பாதி எழுத்தை தேய்ச்சு எடுத்தவங்களும் உண்டு. விளிம்பு தேய்ஞ்சு உள்ள இருக்குற செம்பு தெரியுதுன்னா அதை அப்படி மாத்தி எழுத முடியாது.

இந்த வழிகாட்டியில தட்டு, தாம்பாளம், மூடி போட்ட பரிமாறுற டிஷ், சூப் பாத்திரம், டீப்பாட், கரண்டி, மீன் பரிமாறுற கத்தி மாதிரி சாப்பாட்டு மேஜை சாமான்களைத்தான் எடுத்துக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கா, கொஞ்சம் பிரான்ஸ், ஜெர்மனி.

படி 1: பாலிஷ் போடாதீங்க, வெளிச்சத்தை சரி பண்ணுங்க

கறுத்துப் போயிருந்தா அப்படியே இருக்கட்டும். எழுத்து பள்ளத்துல கறுப்பு நின்னாதான் முத்திரை கண்ணுக்கு தெரியும், பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்கிட்டா தேய்ஞ்ச முத்திரையை படிக்கவே முடியாது. வெறும் தூசியா இருந்தா மிருதுவான பிரஷ் போதும். நகை பாக்குறவங்க வெச்சிருக்குற பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு, ஒரு சின்ன டார்ச், ஒரு எடை மெஷின், ஒரு காந்தம், எழுதி வெக்க ஒரு நோட்டு, இவ்வளவுதான் தேவை. டார்ச்சை மேல இருந்து நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல கிட்டத்தட்ட மேற்பரப்போட படுத்த மாதிரி அடிங்க, அப்போ எழுத்தோட ஓரத்துல நிழல் விழுந்து நேர் வெளிச்சத்துல காணாம இருந்தது கூட எழும்பி வரும். மொபைல்ல போட்டோ எடுத்து பெருசாக்கி பாத்தாலும் சரிதான், நாலு பக்கத்துல இருந்தும் வெளிச்சம் மாத்தி மாத்தி எடுங்க.

முத்திரை எங்க எங்க இருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. டீப்பாட், கிண்ணம், தட்டு எல்லாம் அடியில. கரண்டி, முள்கரண்டின்னா காம்போட பின்பக்கம். மூடி இருக்குற டிஷ்ஷுக்கு மூடி விளிம்பு, அடிப்பாகம், கழட்டுற கைப்பிடியோட உள் பக்கம் மூணையும் பாருங்க. தாம்பாளத்துக்கு அடியில ஒரு ஓரமா, சில நேரம் கைப்பிடி பக்கத்துல. காந்தம் ஒட்டினா உள்ள இரும்போ ஸ்டீலோ இருக்குன்னு அர்த்தம், பழைய கத்தி பிளேடுல அது சகஜம். ஒட்டலைன்னா மட்டும் வெள்ளின்னு முடிவு கட்டிடாதீங்க, செம்பு, பித்தளை, நிக்கல் சில்வர் எதுலயுமே காந்தம் ஒட்டாது.

படி 2: முதல்ல பூசினதா, பின்னாடி பூசினதா

இந்த ஒரு கேள்விக்கு பதில் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது, அதனால இங்க கொஞ்சம் நின்னு நிதானமா போவோம்.

1740கள்ல ஷெஃபீல்டு ஊர்ல தாமஸ் போல்சோவர்னு ஒரு கத்தித் தொழிலாளி, வெள்ளித் தகடையும் செம்பையும் சேர்த்து சூடு பண்ணா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்குது, அப்புறம் எவ்வளவு உருட்டி தட்டினாலும் ரெண்டும் சேர்ந்தேதான் விரியுதுன்னு கண்டுபிடிச்சார். அவர் அதுல பட்டன்தான் செஞ்சார், ஜோசஃப் ஹான்காக் மாதிரி மத்தவங்க அதை பெரிய பாத்திரங்களுக்கு கொண்டு போனாங்க, பர்மிங்ஹாம்ல மேத்யூ போல்டன் பெரிய அளவுல செஞ்சார். இதுக்குத்தான் ஓல்டு ஷெஃபீல்டு பிளேட்னு பேரு. கிட்டத்தட்ட நூறு வருஷம் இது ஓடுச்சு. 1840ல பர்மிங்ஹாம்ல எல்கிங்டன் குடும்பத்துக்காரங்க மின்சாரத்தால வெள்ளி பூசுறதுக்கு, அதாவது எலக்ட்ரோபிளேட்டுக்கு, பேட்டண்ட் வாங்கினாங்க, ஜான் ரைட்னு ஒரு சர்ஜன் பொட்டாசியம் சயனைடு கரைசல்ல நல்லா பூச முடியும்னு கண்டுபிடிச்சிருந்தார், அதையும் வாங்கி சேர்த்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துலயே பழைய முறை படுத்துருச்சு.

ஓல்டு ஷெஃபீல்டுல முதல்ல வெள்ளி ஒட்டின தகடு, அப்புறம்தான் அதை வெட்டி வளைச்சு பாத்திரம். எலக்ட்ரோபிளேட்ல முதல்ல பாத்திரத்தை முழுசா செஞ்சு முடிச்சு, கடைசியா கரைசல்ல முக்கி வெள்ளி ஏத்துறது. நீங்க தேடற எல்லா அடையாளமும் இந்த ஒரு வித்தியாசத்துல இருந்துதான் வருது.

தகடை வெட்டினா வெட்டின ஓரத்துல செம்பு தெரியும் இல்லையா, அதை மறைக்கணும். அதனால ஓல்டு ஷெஃபீல்டு பாத்திரத்தோட விளிம்புல நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க, மேல இருக்குற வெள்ளியை இழுத்து அடிப்பக்கமா மடிச்சு விட்டிருப்பாங்க, இல்லைன்னா வெள்ளிக் கம்பி வெச்சு மூடியிருப்பாங்க, அடிப்பக்கத்துல அந்த மடிப்பு ஒரு மெல்லிசு கோடா நகத்துல தட்டும். எலக்ட்ரோபிளேட்ல இப்படி ஒண்ணும் தட்டாது, மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, முழு விளிம்பும் ஒரே தோலா இருக்கும். அதே மாதிரி டீப்பாட், ஜாடி மாதிரி உருண்டையான உடம்பு ஓல்டு ஷெஃபீல்டுல தகடை சுத்தி வளைச்சு பத்த வெச்சது (சால்டர் பண்ணது), அந்த இணைப்பு எங்கயாவது இருந்தே ஆகணும், பொதுவா கைப்பிடிக்கு பின்னாடி. கண்ணுக்கு தெரியலைன்னா அந்த இடத்துல வாயால ஊதி ஆவி படிய விடுங்க, ஆவி மறையற ரெண்டு மூணு செகண்டுல ஒரு கோடு தெரிஞ்சு மறையும். அதை முதல் தடவை பாக்கும்போது வர்ற சந்தோஷம் தனி. எலக்ட்ரோபிளேட்ல இணைப்பு மேலயும் வெள்ளி ஏறிடறதால அது மூடிப் போயிருக்கும்.

அடுத்தது எழுத்து வெட்டின இடம். குடும்ப சின்னமோ பேர் எழுத்தோ வெட்டணும்னா ஓல்டு ஷெஃபீல்டுல உளி உள்ள போனா செம்பு வந்துரும், அதனால நடுவுல கெட்டியான வெள்ளித் துண்டு ஒண்ணை பதிச்சு தேய்ச்சு சமமாக்கி அதுமேல வெட்டினாங்க. அந்த துண்டு மட்டும் சுத்தியிருக்கறதை விட வேற மாதிரி கறுத்திருக்கும், ஊதிப் பாத்தாலும் ஒரு வட்டமாவோ கேடய வடிவமாவோ தெரியும். பெரிய தாம்பாளத்தோட அடிப்பக்கமும் மூடியோட உள்பக்கமும் வெள்ளீயம் பூசி சாம்பல் நிறமா மங்கலா இருந்தா அதுவும் பழைய முறையோட அடையாளம், கண்ணுல படாத பக்கத்துக்கு வெள்ளி செலவு பண்ணலை. அலங்கார ஓரங்களை மெல்லிசு வெள்ளியில அச்சடிச்சு உள்ள ஈயம் ஊத்தி ஒட்டியிருப்பாங்க, முனைகள்ல வெள்ளி கிழிஞ்சு சாம்பல் நிற ஈயம் தெரியறதும் உண்டு. நிறத்துலயும் வித்தியாசம் இருக்கு, பழைய தகடுல இருக்கறது செம்பு கலந்த ஸ்டெர்லிங் தரம் (ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி), கொஞ்சம் இதமான நிறம், மின்சாரத்துல ஏறறது சுத்த வெள்ளி, அது இன்னும் வெளுப்பு. ஆனா நிறத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீங்க.

தேய்மானத்தோட நிறம்தான் அடுத்த துப்பு. கரண்டியோட பின்பக்க மேடு, தட்டோட கால், மூடியோட உச்சி, இந்த மாதிரி உரசுற இடங்கள்ல வெள்ளி முதல்ல போகும். உள்ள இருந்து ரோஸ் நிறமா வந்தா செம்பு. லேசா மஞ்சள் கலந்த சாம்பலா வந்தா நிக்கல் சில்வர், அதாவது ஜெர்மன் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, பேர்லதான் வெள்ளி இருக்கு, உள்ள ஒரு துளி கூட கிடையாது. நீலம் ஓடின மங்கலான சாம்பல்னா பிரிட்டானியா மெட்டல், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல வெள்ளீயம், மீதி ஆண்டிமனியும் கொஞ்சம் செம்பும். விரல் நகத்தால சுண்டினா நிக்கல் சில்வர் கொஞ்ச நேரம் கணீர்னு நிக்கும், பிரிட்டானியா சட்டுனு அடங்கிடும். செம்பு தெரிஞ்ச உடனே ஓல்டு ஷெஃபீல்டுன்னு துள்ள வேண்டாம், செம்பு மேல எலக்ட்ரோபிளேட் பண்ணதும் ஏராளமா இருக்கு, விளிம்பையும் இணைப்பையும் சேர்த்துப் பாத்துட்டு சொல்லுங்க.

படி 3: இது அசல் வெள்ளியோட ஹால்மார்க்கான்னு முதல்ல தள்ளிப் பாருங்க

இப்போ முத்திரைக்கு வருவோம். இங்கிலாந்து ஸ்டெர்லிங்னா நடக்கற சிங்கம் இருக்கும், கூடவே ஊர் சின்னம், லண்டனுக்கு சிறுத்தை தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரைக்கும் கிரீடம். அதோட வருஷ எழுத்து, செஞ்சவர் பேரோட முதல் எழுத்துக்கள். 1784ல இருந்து 1890 வரைக்கும் வரி கட்டினதுக்கு ராஜா இல்ல ராணியோட தலையும் இருக்கும். அமெரிக்காவுல அரசாங்க சோதனைச்சாலை முத்திரை முறை கிடையாது, ஸ்டெர்லிங்னு வார்த்தையாவே அடிச்சிருப்பாங்க. ஜெர்மனியில 1888ல இருந்து 800 மாதிரி எண்ணோட (ஆயிரத்துல எத்தனை பங்கு வெள்ளின்னு) பிறையும் கிரீடமும். பிரான்ஸ்ல வெள்ளிக்கு செஞ்சவர் முத்திரை வைர வடிவ கட்டத்துக்குள்ள இருக்கணும், முலாமுக்கு சதுரம் இல்ல செவ்வகம், அதனால எழுத்தே படிக்க முடியாம தேய்ஞ்சிருந்தாலும் கட்டத்தோட வடிவத்தை வெச்சே முடிவு சொல்லலாம். இந்த பிரெஞ்சு ஏற்பாடு எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு, வாங்கறவங்களை யோசிச்சு போட்ட சட்டம்.

இங்கிலாந்து முலாம் கம்பெனிகள் இதுக்கு நேர் எதிர். இ, பி, என், எஸ் (நிக்கல் சில்வர் மேல மின்முலாம்) நாலு எழுத்தையும் பழங்கால எழுத்து பாணியில, தனித்தனி கேடயத்துக்குள்ள, வரிசையா அடிப்பாங்க, ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா ஹால்மார்க்கேதான். சிலது கம்பெனி முதலெழுத்துக்களையும் அதே மாதிரி ஒவ்வொண்ணா பிரிச்சு கேடயத்துல போடும், கடைசியில வர்ற எஸ் எழுத்து சன்ஸுக்காகவும் இருக்கலாம், ஷெஃபீல்டுக்காகவும் இருக்கலாம், சில்வருக்குன்னு மட்டும் எடுத்துக்காதீங்க. நங்கூரத்தை பாத்து பர்மிங்ஹாம்னு சொல்லிடவும் கூடாது, அமெரிக்காவுல கோர்ஹாம் கம்பெனி வெள்ளியில சிங்கம், நங்கூரம், ஜி எழுத்துன்னு மூணு சேர்த்து அடிச்சது, முலாம் சாமான்லயும் நங்கூரம் இருக்கும்.

கிரீடம் தனிக்கதை. 1773ல பர்மிங்ஹாம், ஷெஃபீல்டு சோதனைச்சாலைகள் வந்தப்போ முலாம் சாமான்ல எழுத்து முத்திரை எதுவும் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 1784ல அதை தளர்த்தி, ஷெஃபீல்டுல இருந்து நூறு மைல் சுத்து வட்டாரத்துல இருக்குற முலாம்காரங்க பேரோட ஒரு உருவத்தை சேர்த்து பதிவு பண்ணிக்கலாம்னு விட்டாங்க, மேத்யூ போல்டன் பதிவு பண்ணது சூரியன். அதனால ஓல்டு ஷெஃபீல்டுல நிறைய முத்திரையே இல்லாம இருக்கும், இல்லாததை குறையா நினைக்காதீங்க. தரத்தை காட்ட சிலர் முலாம்லயும் கிரீடம் போட்டாங்க, அது ஷெஃபீல்டு வெள்ளியோட சின்னத்தோட குழப்பம் பண்ணுதுன்னு 1896ல தடை வந்துச்சு. எலக்ட்ரோபிளேட்ல கிரீடம் பாத்தீங்கன்னா அதுக்கு முன்னாடி காலத்தை யோசிங்க. ஷெஃபீல்டு பிளேட்னு முழுசா வார்த்தையா அடிச்சிருந்தா அது 18ஆம் நூற்றாண்டு சாமான் இல்லை, பின்னாடி செம்பு மேல எலக்ட்ரோபிளேட் பண்ணது.

நெவாடா சில்வர், பொட்டோசி சில்வர், அர்ஜென்டைன் சில்வர், பிரேசிலியன் சில்வர் இப்படி நாட்டுப் பேரும் ஊர்ப் பேருமா வர்றதெல்லாம் வியாபாரப் பேர், அசல் வெள்ளி கிடையாது. அல்பாக்கா, நாய்சில்பர்னு இருந்தா ஜெர்மன் பக்கத்து நிக்கல் சில்வர்.

படி 4: தர எழுத்தும் எண்ணும்

இ.பி.என்.எஸ். அப்படின்னா நிக்கல் சில்வர் மேல மின்முலாம். இ.பி.பி.எம். பிரிட்டானியா மெட்டல் மேல. இ.பி.சி. செம்பு மேல. பக்கத்துல ஏ1னு இருந்தா அந்த கம்பெனியோட உயர்ந்த பூச்சு, பி, சி, டி இறங்கு வரிசை, ஆனா இதெல்லாம் கம்பெனி தனக்குத்தானே வெச்சுக்கிட்ட அளவுகோல், ஒரு கம்பெனி ஏ1 இன்னொரு கம்பெனி ஏ1க்கு சமம்னு யாரும் உத்தரவாதம் தரலை.

அமெரிக்காவுல கணக்கு கொஞ்சம் தெளிவு. 144 டீஸ்பூனுக்கு எத்தனை ட்ராய் அவுன்ஸ் (ஒண்ணு கிட்டத்தட்ட 31 கிராம்) வெள்ளின்னு பாப்பாங்க, ஸ்டாண்டர்டுன்னா 2, ட்ரிபிள் பிளேட்டுன்னா 6, குவாட்ரூபிள் பிளேட்டுன்னா 8. டீப்பாட், கேக் கூடை மாதிரி பெரிய சாமான்ல குவாட்ரூபிள்னு பெருமையா அடிச்சிருப்பாங்க, உள்ள இருக்கறது பெரும்பாலும் பிரிட்டானியாதான், பூச்சு கனமா இருந்தாலும் உடம்பு மெத்துன்னு இருக்கும்.

பிரான்ஸ், ஜெர்மனி முலாம் சாமான்ல 84, 90, 100னு தனி எண் வந்தா அது கிராம், ஒரு டஜன் கரண்டி ஒரு டஜன் முள்கரண்டி செட்டுக்கு ஏத்தின வெள்ளி. இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க, 90ஐ 900னு படிச்சு தொண்ணூறு சதவீத வெள்ளின்னு நினைச்சுக்கறாங்க. இந்த நாடுகள்ல 84, 90, 100 மாதிரி சின்ன எண்ணுன்னா முலாம், 800, 900 மாதிரி பெரிய எண்ணுன்னா தான் தரம், இதை மனசுல பதிச்சு வெச்சுக்கோங்க.

படி 5: செஞ்சவங்களை அடையாளம் பிடிக்கிறது

எல்லா பேரையும் மனப்பாடம் பண்ண முடியாது, தேவையும் இல்லை, உருவங்களை பழகிக்கோங்க. பறக்கற கொடிக்குள்ள டபிள்யூ அண்ட் ஹெச் இருந்தா ஷெஃபீல்டு வாக்கர் அண்ட் ஹால். ஊதுற ட்ரம்பெட்ல தொங்குற பதாகைன்னா ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ். குறுக்கே போட்ட அம்புகள் வில்லியம் ஹட்டன் அண்ட் சன்ஸ். பிரின்ஸஸ் பிளேட்னு எழுதியிருந்தா மேப்பின் அண்ட் வெப். எல்கிங்டன் சாமான் கிடைச்சா கூடுதல் லாபம், அவங்க முலாம் சாமானுக்கும் தனக்குன்னு வருஷ எழுத்து முறை வெச்சிருந்தாங்க, அதோட 1842ல இருந்து 1861 வரைக்கும் ஜோசையா மேசன் கூட்டாளியா இருந்த காலத்துல எல்கிங்டன் மேசன் அண்ட் கம்பெனின்னு வரும், அதனால பேர்லயே காலம் அடங்கிடும். ஹியூகின் அண்ட் ஹீத்தோ ஜேம்ஸ் டிக்சனோ, கோடும் கோணமுமா பூவேலை எதுவும் இல்லாம நேத்து வரைஞ்ச மாதிரி ஒரு டீப்பாட்டோ டோஸ்ட் ஸ்டாண்டோ இருந்தா உடனே ஓரமா எடுத்து வெச்சு ஆராயுங்க, ரெண்டு கம்பெனிக்கும் விக்டோரியா கால டிசைனர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் வடிவமைச்சுக் கொடுத்திருக்கார், அவர் வேலையை மியூசியங்கள் தேடி வாங்குது.

பிரான்ஸ்ல கிரிஸ்டோஃப்ல், 1842ல எல்கிங்டன் கிட்ட பிரான்ஸுக்கான பேட்டண்ட் உரிமையை வாங்கினவங்க, முத்திரையில தராசு இருக்கும். ஜெர்மனியில கெய்ஸ்லிங்கன் ஊர் டபிள்யூ.எம்.எஃப்.

அமெரிக்காவுல ரோஜர்ஸ் பேர்தான் தலைவலி. கனெக்டிகட்ல ரோஜர்ஸ் சகோதரர்கள் மூணு பேரு, வில்லியம், ஏசா, சைமியன். அவங்க ஆரம்பிச்ச முத்திரை 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ், அந்த 1847 கம்பெனி அடையாளம்தான், உங்க கரண்டி செஞ்ச வருஷம் இல்லை. 1862ல மெரிடன் பிரிட்டானியா கம்பெனி அந்த பேரை எடுத்துக்கிட்டது, 1898ல அதுவும் இன்னும் பல கம்பெனிகளும் சேர்ந்து இன்டர்நேஷனல் சில்வர் ஆச்சு, 20ஆம் நூற்றாண்டுலயும் அதே 1847ஐ அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. 1881 ரோஜர்ஸ், 1835 ஆர். வாலஸ் இதுக்கும் இதே விதிதான். மாசசூசெட்ஸ்ல டாண்டன் ஊர் ரீட் அண்ட் பார்ட்டன் வேலை சுத்தமா இருக்கும், பெரிய டீ செட்டுகள்ல அவங்க வார்ப்பு வேலையை லென்ஸ் வெச்சு பாக்கணும்.

படி 6: காலம் கணிக்கிறது

இங்கிலாந்து சாமான்ல சின்னதா ஒரு வைர வடிவம், உச்சியில வட்டத்துக்குள்ள ரோமன் ஒண்ணு இருந்தா அது டிசைன் பதிவு முத்திரை, ஒண்ணுன்னா உலோகப் பிரிவு. இது 1842ல இருந்து 1883 வரைக்கும். வட்டத்துக்கு கீழ உள் மூலையில எழுத்து இருந்தா 1842க்கும் 1867க்கும் நடுவுல, அந்த எழுத்துதான் வருஷம். அதே இடத்துல எண் இருந்தா 1868க்கு அப்புறம், வருஷ எழுத்து வலது மூலைக்கு போயிருக்கும். 1884 ஜனவரியில இருந்து வைரத்தை விட்டுட்டு ஆர்டி நம்பர்னு (பதிவு எண்) ஒண்ணுல இருந்து வரிசையா எண் கொடுக்க ஆரம்பிச்சாங்க, 1890 தொடக்கத்துல ஒரு லட்சத்து 41 ஆயிரத்தை தாண்டுச்சு, 1900 தொடக்கத்துல மூணு லட்சத்து 51 ஆயிரம். இது டிசைன் பதிவான நாள்தான், அதே டிசைனை பல வருஷம் செஞ்சிருப்பாங்க, அதனால "இதுக்கு முன்னாடி இல்லை"னு மட்டும் எடுத்துக்கணும்.

இங்கிலாந்துன்னு நாட்டுப் பேர் இருந்தா பொதுவா 1891க்கு அப்புறம், அமெரிக்காவோட மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதி சாமான்ல நாட்டுப் பேர் கேட்டது அப்போதான். மேட் இன் இங்கிலாந்துன்னு முழுசா இருந்தா பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. லிமிடெட்னு வந்தா அந்த கம்பெனி எப்போ லிமிடெட் ஆச்சுன்னு தேடுங்க, எல்கிங்டன் 1887ல ஆச்சு. நாலஞ்சு இலக்கத்துல தனியா நிக்கற எண் பெரும்பாலும் மாடல் நம்பர், 1862னு தெளிவா இருந்தாலும் அது வருஷம்னு நம்பிடாதீங்க.

ஒரு டிஷ்ஷை முழுசா படிச்சுக் காட்டறேன். நீள்சதுர என்ட்ரே டிஷ் (மூடி போட்ட பரிமாறுற டிஷ்), மூடியோட கைப்பிடி திருகி கழட்டற மாதிரி, கழட்டிட்டு மூடியை கவுத்தா இன்னொரு டிஷ். விளிம்புல நகம் ஓட்டினா எங்கயும் தட்டலை, மூடியோட நாலு மூலை மேட்டுலயும் மஞ்சள் கலந்த சாம்பல், சுண்டினா கணீர்னு நிக்குது. இதுவரைக்கும் முத்திரையே பாக்கலை, ஆனா நிக்கல் சில்வர் மேல எலக்ட்ரோபிளேட்னு தெரிஞ்சாச்சு, அப்போ 1840க்கு பின்னாடி. இப்போ கவுத்தா குறுக்கு அம்பு, நாலு கேடயத்துல இ.பி.என்.எஸ்., கீழ அஞ்சு இலக்க எண், நாட்டுப் பேர் இல்லை, கிரீடமும் இல்லை. ஹட்டன் அண்ட் சன்ஸ், எண் மாடல் நம்பர், நாட்டுப் பேர் இல்லாததால 1891க்கு முன்னாடி இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா உள்நாட்டுல வித்ததுக்கு நாட்டுப் பேர் தேவைப்படலைங்கறதால அதை உறுதியா சொல்லக் கூடாது. மூடி விளிம்புல சின்னதா 2, கைப்பிடி திருகுற இடத்துல 2, அடிப்பாகத்துல 3. இங்கதான் உஷாராகணும்.

படி 7: பாகங்கள் ஒரே குடும்பமா

இந்த டிஷ்ஷுகளை ரெண்டு நாலுன்னு செட்டா வித்தாங்க, ஒவ்வொரு மூடியும் கைப்பிடியும் அதோட அடிப்பாகத்துக்குன்னே பொருத்தி இழைச்சது, அதனால மூணுலயும் ஒரே எண் இல்ல ஒரே எண்ணிக்கையில புள்ளி போட்டு வெச்சாங்க. மேல சொன்னதுல மூடி ரெண்டாம் டிஷ்ஷோடது, அடிப்பாகம் மூணாவதோடது. ஒரே செட்டுக்குள்ள மாறினதுன்னா பெரிய குத்தம் இல்லை, ஆனா விலையில அது தெரியணும். டீப்பாட் மூடி ஆடுதா, கிண்ணத்துக்குள்ள வர்ற கண்ணாடி அசலா, கைப்பிடி பின்னாடி பத்த வெச்சதான்னு எல்லாம் பாருங்க. பழைய டீப்பாட் கைப்பிடியில சூடு ஏறாம இருக்க ரெண்டு வெள்ளை வளையம் இருக்கும், பல நேரம் அது யானைத் தந்தம். தந்தம் விக்கறதுக்கும் நாடு விட்டு நாடு அனுப்பறதுக்கும் கடுமையான சட்டம் இருக்கு, பிரிட்டன்ல 2018ல போட்ட தந்தச் சட்டம் 2022ல அமலுக்கு வந்துச்சு, அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க நாட்டு சட்டத்தை பாத்துடுங்க.

உள்ள பழ உருவம் புடைச்சு தங்க முலாம் போட்ட பெரிய கரண்டிகள் வரும், பெர்ரி ஸ்பூன்னு சொல்வாங்க. நிறைய சமயம் அது முன்காலத்து சாதா கரண்டியை விக்டோரியா காலத்துல அலங்காரம் பண்ணது. அழகு இருக்கு, ஆனா முதல்ல செஞ்ச வடிவம் அது இல்லை.

எழுத்தை தேய்ச்சு எடுத்த ஏமாத்து வேலைக்கு ஒரு சோதனை. முத்திரை பக்கத்துல மட்டும் மேற்பரப்பு லேசா குழிஞ்சு, மத்த இடத்துல இருக்குற கீறல் எல்லாம் அங்க மட்டும் இல்லாம வழவழன்னு இருந்தா, அங்க இ.பி.என்.எஸ்.னு இருந்திருக்கும். ஊதிப் பாத்தா சில சமயம் பழைய எழுத்தோட ஆவி வடிவம் தெரியும்.

படி 8: மறுபடி முலாம் போடலாமா

ஓல்டு ஷெஃபீல்டுக்கு கூடவே கூடாது, இதுல நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். செம்பு தெரியறது அதோட வயசு, மேல மின்முலாம் ஏத்தினா இணைப்பு, விளிம்பு, பதிச்ச வெள்ளித் துண்டு எல்லா சாட்சியும் ஒரே நாள்ல மூடிப் போயிரும், திரும்ப கொண்டு வர வழியே இல்லை.

நிக்கல் சில்வர் உடம்பு, நல்ல கம்பெனி, நசுங்கல் இல்லை, தினம் புழங்கப் போறீங்கன்னா தாராளமா போடலாம். ஆனா முலாம் போடறவங்க முதல்ல மிஷின்ல தேய்ச்சு பளபளப்பாக்குவாங்க, அதுலதான் செதுக்கு வேலை மழுங்கும், அதனால தேய்ப்பை குறைச்சு பண்ண சொல்லி முன்னாடியே பேசிடுங்க. பிரிட்டானியாவுக்கு பொதுவா வேண்டாம். அந்த உலோகம் கிட்டத்தட்ட 250 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே உருக ஆரம்பிச்சுடும், ரிப்பேருக்கு வர்ற சாதா பத்தவைப்பு சூட்டுக்கே ஓட்டை விழும், அடுப்பு மேல வெச்சா அடி கழண்டு வந்துரும்.

படி 9: சுத்தம் பண்றதும் புழங்கறதும்

கறுப்பு ஏறறது காத்துல இருக்குற கந்தகத்தால வர்ற சில்வர் சல்ஃபைடு. முட்டை, ரப்பர் பேண்ட், கம்பளி, செய்தித்தாள் எல்லாத்துலயும் கந்தகம் இருக்கு. ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் வெள்ளியை எடுத்துட்டுதான் போகும், முலாம்ல இருக்கறதே ஒரு மெல்லிசு தோல், அதனால புழங்கின உடனே மிதமான சோப்பு தண்ணியில கழுவி உடனே துடைச்சு வெச்சீங்கன்னா பாலிஷ் போட வேண்டிய நாளே தள்ளிப் போகும். கறுப்பு ஏறிட்டா நைசான சுண்ணாம்புத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட், காய்ச்சி வடிச்ச தண்ணியில குழைச்சு பஞ்சுல தொட்டு அழுத்தாம தேய்ங்க, மேடு தேய்ஞ்ச இடத்துல கை வெக்காதீங்க. முக்கி எடுத்தா பளிச்னு ஆகற திரவம் வேண்டாம், அதுல அமிலம் இருக்கு, மேற்பரப்பு அரிச்சு அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கறுக்கும். அலுமினியம் ஃபாயிலும் சோடாவும் போட்டு வெந்நீர்ல வெக்கற வித்தை கறுப்பை எடுக்கறது உண்மைதான், ஆனா செதுக்கு பள்ளத்துல அழகுக்குன்னு நின்ன கறுப்பையும் சேர்த்து எடுத்து உருவத்தை வெறுமையாக்கிடும், ஓல்டு ஷெஃபீல்டுக்கும் பிசின் வெச்சு ஒட்டின கைப்பிடிக்கும் தொடவே கூடாது. கத்தியோட உள்ளீடற்ற கைப்பிடியில பிசின் நிரப்பியிருக்கும், வெந்நீர்ல ஊற வெச்சா பிளேடு ஆட ஆரம்பிச்சுடும், பாத்திரம் கழுவற மெஷின்ல எதையுமே போடாதீங்க.

உப்பு வெள்ளியோட பெரிய எதிரி, உப்புக் கிண்ணத்துல உப்பை விட்டு வெச்சா பச்சையும் கறுப்புமா குழி விழும், அதுக்குத்தான் நீலக் கண்ணாடி கிண்ணம் உள்ள வெச்சாங்க. உள்பக்கம் தேய்ஞ்சு செம்பு தெரியற பாத்திரத்துல புளிப்பான எதையும் பரிமாறாதீங்க, பழைய பத்தவைப்புல ஈயமும் இருக்கும், அந்த மாதிரி சாமானை உள்ள கண்ணாடி வெச்சு புழங்குங்க, இல்லைன்னா காய்ஞ்ச பண்டத்துக்கு வெச்சுக்கோங்க. எடுத்து வெக்கும்போது அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, தட்டு மேல தட்டு அடுக்கினா நடுவுல பருத்தித் துணி போட்டு, நோட்டுல எழுதின குறிப்போட ஒரு காப்பியை மடிச்சு மூடிக்குள்ள வெச்சுடுங்க, அடுத்து எடுக்கறவங்க மறுபடி முத்திரையை தேட தேய்க்க வேண்டியிருக்காது.